அம்மா முப்பது வரை எண்ணுவாள்

குடியாத்தத்துக்காரர்களுக்கு நான் சிரசுத் திருவிழாவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வைகாசி முதல் நாள் அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசு என்றால், எந்த ஊரில் வேலை பார்த்தாலும் வந்து சேர்ந்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பகலில் சுவருக்குள் ஏறிய வெயில் ராத்திரி பூரா வீட்டுக்குள் இறங்கும். ஃபேன் அந்தச் சூட்டையேதான் சுற்றி அடிக்கும். அதனால் வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மொட்டை மாடிதான். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தரையைக் குளிரவைத்து, பாயை வரிசையாக விரித்தால் பன்னிரண்டு பேர் படுக்கலாம். அந்த மாடியில் எங்களுக்கு வருஷா வருஷம் ஒரு விளையாட்டு உண்டு. நைனா படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பிக்கும். "லாரி கிளம்பிடுச்சு" என்பார் சித்தப்பா. சத்தம் ஏற ஏற, "பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியாச்சு" என்பான் தம்பி. நடுவில் சத்தம் திடீரென்று நின்றால், "டீ குடிக்க நிறுத்திட்டாரு" என்று யாராவது சொல்வார்கள். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரு தடவை செல்போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எங்கள் எல்லோருடைய சிரிப்பும் கேட்கிறது, ஒரே ஒருவருடையதைத் தவிர.

2022 சிரசு. கொரோனாவுக்கு அப்புறம் எங்கள் குடும்பம் முழுதாகக் கூடிய முதல் வருஷம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தாகம் எடுத்து எழுந்தேன். எல்லோரும் தூங்குகிறார்கள். அம்மா மட்டும் நைனாவின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை நைனாவின் தோளில் இருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சாமி மந்திரம் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நைனாவின் வாய் திறந்திருந்தது, சத்தமே இல்லை. நெஞ்சும் வயிறும் மட்டும் இழுத்து இழுத்துத் தூக்கிப் போட்டன. இருபத்தாறில் தொண்டைக்குள் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு உறுமல் வந்தது, உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது, மறுபடி குறட்டை தொடங்கியது. அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா பண்றே?"

"மூச்சு நின்னு நின்னு வருது இவுருக்கு. முப்பது வரைக்கும் எண்ணுவேன். அதுக்குள்ள வரலைன்னா தோளைப் புடிச்சு ஒரு பக்கமா திருப்பிடுவேன். நீ போய்ப் படு."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். தம்பிக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து என்றாள். அப்படிப் பார்த்தால் எட்டு வருஷம். எட்டு வருஷமாக ஒரு மனுஷி ராத்திரி உட்கார்ந்து இன்னொருவரின் மூச்சை எண்ணியிருக்கிறாள், நாங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு லாரி விளையாட்டு விளையாடியிருக்கிறோம். யாரிடமாவது சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டபோது அவள் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது. "யார்னா கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

எல்லாம் தெரிந்திருந்தது, எதுவும் சேரவில்லை

நைனா லுங்கி வியாபாரம் செய்பவர். தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கி, மடித்துக் கட்டி அனுப்புகிற வேலை. 58 வயது அப்போது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தால் பேனா கையிலிருந்தபடியே தலை சாயும். "வயசாகுதில்ல" என்போம். காலையில் எழுந்ததும் தலைவலி, "வெயில்" என்போம். ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போவார். சர்க்கரையாக இருக்கும் என்று பரிசோதித்தால் சர்க்கரை இல்லை. நாக்கு வறண்டு போய் எழுந்திருப்பார். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கோபம். ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரையில் ஆரம்பித்து, ரெண்டாகி, மூன்றாகியும் அழுத்தம் இறங்கவில்லை. மாதாமாதம் போகிற கிளினிக்கில் மாத்திரைச் சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்தார்களே தவிர, ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நைனாவிடம் கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. "நல்லா அடிச்சுப் போட்டாப்ல தூங்குவேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அது பொய்யும் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த வியாதியின் சாட்சி நோயாளி கிடையாது. சாட்சி பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர். அந்தச் சாட்சி ஒவ்வொரு தடவையும் நைனாவோடு கிளினிக்குக்குப் போய், பை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றும் நடந்தது, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. பகலெல்லாம் அசதியாக இருக்கிறது, தூக்கம் சரியில்லை போல என்று நைனா மருந்துக் கடையில் சொல்ல, அங்கே சீட்டு எதுவும் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மாவின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருக்கிறது. தட்டியும் எழவில்லை, தண்ணீரை முகத்தில் தெளித்து எழுப்பியிருக்கிறாள். மறுநாள் அந்த மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள், காரணம் எதுவும் படிக்காமலேயே. அவள் செய்ததுதான் சரி. தூக்க மாத்திரைகளில் பலவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு நிற்பதை உணர்ந்து விழிக்கிற மூளையையும் மந்தமாக்கும். சாராயமும் இதையேதான் செய்யும்.

சிரசு முடிந்த அடுத்த மாதமே கே.வி.குப்பம் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துகொண்டிருந்தபோது கண் அசந்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. பின்னால் கட்டியிருந்த துணி மூட்டை அவருக்கு முன்னால் விழுந்து, அதன்மேல் இவர் விழுந்தார். முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை நம் வேலூர் மாவட்டத்தின் நடுவாகப் போகிறது. விடியற்காலையில் நின்ற லாரியின் பின்னால் மோதிய விபத்து என்று பேப்பரில் வராத மாதம் உண்டா? "டிரைவர் தூங்கிவிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஏன் தூங்கினார் என்று நாம் கேட்பதில்லை. எல்லா விபத்துக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கோளாறு இருப்பவர் எட்டு மணி நேரம் படுத்து எழுந்து வந்தாலும் தூங்காதவர்தான் என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

"பக்கத்துல படுக்கறது யாரு?"

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நுரையீரல் டாக்டர் ஒருவர். நைனா தன் ரத்தக் கொதிப்பு, விழுந்த கதை எல்லாம் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ராத்திரி உங்க பக்கத்துல படுக்கறது யாரு?" என்றார். நைனா வெளியே கையைக் காட்டினார். "உள்ள கூப்பிடுங்க." அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அம்மா பத்து நிமிஷம் பேசினாள். எந்தப் பக்கம் படுத்தால் அதிகம், விடியற்காலை மூணு மணிக்கு மேல் எப்படிக் கூடும், கறி சாப்பிட்ட ராத்திரி எப்படி, சளி பிடித்தால் எப்படி, எத்தனை எண்ணினால் மூச்சு வரும், எல்லாம். நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதெல்லாம் அன்றுதான் தெரியும். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். அம்மா சொல்லி ஒருவர் எழுதியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்புறம் தூக்கப் பரிசோதனை. ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும். தலையில் ஒயர்கள், மூக்கின் கீழே சின்னக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். பக்கத்து அறையில் ஒருவர் திரையைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அம்மாவுக்கு வேலை இல்லை. அவளுக்குப் பதிலாக வேறொருவர் எண்ணினார். அவள் வராந்தா பெஞ்சில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள், காலையில் காபி வாங்கி வந்து நான்தான் எழுப்பினேன்.

ஸ்லீப் அப்னியா என்று பெயர் சொன்னார்கள். மூச்சு 10 விநாடிக்கு மேல் நின்றாலோ, வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்குள் இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை. 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம். நைனாவுக்கு 52. சராசரியாக ஒவ்வொரு ஒரு நிமிஷம் பத்து விநாடிக்கும் ஒரு தடவை அவர் மூச்சு தடைப்பட்டிருக்கிறது, ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. கொரோனா நாட்களில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலே ஆம்புலன்ஸைத் தேடி ஓடியவர்கள் நாம்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இளநீருக்குக் கொடுக்கும் காகித ஸ்ட்ரா ஊறிப்போனால், உறிஞ்ச உறிஞ்ச அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கின் அடியும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் சரியும்போது மூச்சுப் பாதைக்கும் அதுதான் நடக்கிறது. நெஞ்சு இழுக்கும், காற்று வராது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் விழிக்கும், தொண்டை திறக்கும். அந்தப் பெரிய உறுமல் அப்போது வருவதுதான். விழித்தது ஆளுக்கு நினைவே இருக்காது. இப்படி ராத்திரிக்கு முந்நூறு நானூறு தடவை பதறுகிற உடம்பில் ரத்த அழுத்தம் எப்படி இறங்கும்? மாத்திரை மூன்றும் தோற்றதற்கு அர்த்தம் அன்றுதான் விளங்கியது. நாலு தடவை ஒன்றுக்குப் போனதற்கும் இதுதான் காரணம். மூச்சுக்குத் திணறும்போது இதயத்தின் மேல் விழும் இழுப்பில், நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் சுரக்கிறதாம்.

கொடுத்து வைத்த சாவு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. "தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்ச சாவு" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடிவதில்லை. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்கெனவே தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பின்னால் திடீர் இதயச் சாவு நேர்ந்த 112 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஸ்லீப் அப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள், இல்லாதவர்களில் 21 சதவீதம். மற்றவர்களுக்கு இதயம் ஓய்வெடுக்கிற நேரம் இவர்களுக்கு ஆபத்தான நேரமாக இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது காரணம் ஸ்லீப் அப்னியா என்று மருத்துவமனை சொன்னது. அந்தச் செய்தியை நான் போனில் படித்தேன். மூன்று மாதம் கழித்து மாடியில் நைனாவின் குறட்டையைக் கேட்டபோது ரெண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் என் மனதில் அப்னியா என்பது பேப்பரில் வருகிற வியாதி, குறட்டை என்பது வீட்டில் இருக்கிற வேடிக்கை.

நம் பேச்சே அப்படித்தானே இருக்கிறது. கவலையில்லாத மனுஷனை "குறட்டை விட்டுத் தூங்குறான்" என்கிறோம். கும்பகர்ணன் என்கிறோம். திணறி எழுந்து உட்கார்ந்தால் அமுக்குவான் பேய் என்கிறோம். அம்மாவும் ஒரு தடவை மந்திரித்த கயிறு வாங்கி நைனாவின் கையில் கட்டியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவள் கண்ணால் பார்த்ததற்கு யாரும் அவளுக்கு ஒரு பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. சர்க்கரை, கொதிப்பு, மாரடைப்பு என்றால் நம் ஊரில் படிக்காத பாட்டிக்கும் தெரியும். இதற்கு மட்டும் வாயில் நுழைகிற தமிழ்ச் சொல் புழக்கத்துக்கு வரவில்லை. அம்மா சொல்கிற "மூச்சு நின்னு வர்றது" என்பதே போதும் என்று நினைக்கிறேன். போஸ்டரில் அப்படியே எழுதலாம்.

காட்பாடி ஜங்ஷனில் இறங்கினால் வங்காளத்திலிருந்து ரெண்டு நாள் ரயிலில் வந்தவர்களைப் பார்க்கலாம். 1900இல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா சின்னதாக ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வருகிறவர்கள். ஆற்காடு ரோட்டு லாட்ஜுகளில் பெங்காலி எழுத்தில் போர்டு இருக்கும். ஒரு தேசமே வைத்தியத்துக்கு வந்து இறங்குகிற ஊர். அங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் நாங்கள் எட்டு வருஷம் சிரித்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கலாம் என்று 2023இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதில் பாதிக் குடும்பமாவது எங்களைப் போலத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. உடல் எடை பெரிய காரணம்தான், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். ஆனால் தாடை சின்னதாக, உள்வாங்கி இருக்கிற ஒல்லியானவர்களுக்கும் வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடும். அவர்கள் குறட்டையைச் சொல்ல மாட்டார்கள், அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்பார்கள், வீட்டு வேலை என்று தள்ளிவிடுவோம். டான்சில், அடினாய்டு வீங்கிய பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும், படுக்கையை நனைக்கும், வகுப்பில் கவனம் நிற்காது. அந்தப் பிள்ளையை வாத்தியார் மக்கு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ராத்திரி எப்படித் தூங்குகிறது என்று அதன் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று நம் வாசலுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் பெண்கள், நம் தெருவுக்குத் தெரிந்தவர்கள், உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களிடம் அம்மா மாதிரிப் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்தக் கருவியைக் கையில் கட்டிக் காற்றடிக்கிற நேரத்தில் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். "குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நிக்குதா?" ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வரும் லாரி, பஸ் ஓட்டுநர்களிடமும் கேட்கலாம். மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்லலாம்.

தும்பிக்கை

வைத்தியம் ஒரு சின்ன மெஷின். சிபாப் என்கிறார்கள். அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு குழாய், முகமூடி வழியாக மூக்குக்குள் அனுப்பும், அந்த அழுத்தம் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பெல்லாம் இந்த நோய் முற்றினால் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாக இருந்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு காற்றை மூக்குக்குள் செலுத்திப் பார்த்ததில் பிறந்தது இந்த மெஷின்.

நைனா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கொரோனாவில் முகமூடி மாட்டி உள்ளே போன நண்பர் ரெண்டு பேர் திரும்பி வரவில்லை. அந்த முகமூடியைப் பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். 40 ஆயிரத்துக்கு மேல் செலவு வேறு. யாராவது பார்த்தால் சாகக் கிடக்கிறான் என்று நினைப்பார்கள் என்றார். முதல் வாரம் அரை மணி நேரத்தில் பிய்த்து எறிந்தார். அம்மா சண்டை போடவில்லை. பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகட்டும் என்று வைத்தாள். மூக்குத்தண்டில் பட்டை அழுத்திய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அப்புறம் நர்ஸ் சொன்னதும் எண்ணெயை நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியை மெல்லிசாக மடித்து வைத்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் நைனா காலை ஆறு மணி வரை எழவில்லை. எழுந்து, "ராத்திரி ஒருதரம்கூட பாத்ரூம் போகலியே" என்றார், ஏதோ தொலைந்துபோன மாதிரி. ஆறு மாதத்தில் கொதிப்பு மாத்திரையில் ஒன்று குறைந்தது. எல்லோருக்கும் அப்படிக் குறையும் என்று சொல்ல மாட்டேன், இவருக்குக் குறைந்தது.

அம்மாவுக்குத்தான் பழக்கம் போகவில்லை. சத்தமில்லாத ராத்திரி அவளுக்குப் பயமாக இருந்தது. ரெண்டு மணிக்குத் தானாக விழித்து, முகமூடியில் காற்று வெளியேறும் சின்ன ஓட்டைகளுக்கு எதிரே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பாள். காற்று பட்டால்தான் படுப்பாள்.

போன சிரசுக்கும் மாடியில்தான் படுத்தோம். கீழேயிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, நைனாவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு மெஷினை வைத்தோம். பிள்ளைகள் "தாத்தாவுக்குத் தும்பிக்கை" என்று சுற்றி வந்தார்கள், நைனா அதை மாட்டியபடியே அவர்களுக்கு ஆசீர்வாதம் செய்தார். எல்லோரும் படுத்த கொஞ்ச நேரத்தில் கோடியில் குறட்டை ஆரம்பித்தது. சித்தப்பா. "இந்த வருஷம் லாரி அந்தப் பக்கமா போவுது" என்றான் தம்பி மகன். சிலர் சிரித்தார்கள். அம்மா எழுந்து, பாய்களைத் தாண்டி, சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சித்தி தூங்கவில்லை. அம்மா குனிந்து மெதுவாக ஏதோ கேட்டாள். சித்தி எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ரெண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வியாழக்கிழமை சித்தப்பாவை வேலூருக்குக் கூட்டிப் போகிறோம். சித்தியும் உள்ளே வர வேண்டும் என்று அம்மா எனக்குப் போன் செய்து ரெண்டு தடவை சொல்லிவிட்டாள்.